வாய்க்கால் கரையில் பிடிபட்ட 'ஹேவ் பீன்'

நேர்முகத் தேர்வில் "ஐ ஆம் டீச்சிங் சின்ஸ் 2016" என்றேன். எதிரே இருந்தவர் புருவத்தை உயர்த்தினார். திருவாரூர் வந்து சேரும்வரை தவறு எதுவென்று புரியவில்லை.

மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்திருந்த நேரம். கரையில் நின்ற அப்பா, "மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் கடைமடைக்கு எட்டவில்லை" என்றார். அங்கேதான் பிடிபட்டது. வெறுமனே 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றாலும், 'மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது' என்றாலும் தமிழில் வினை மாறுவதே இல்லை. ஆங்கிலத்தில் முதலாவது 'இஸ் ஃப்ளோயிங்'. இரண்டாவது 'ஹேஸ் பீன் ஃப்ளோயிங்'. நான் தமிழ் வினையை அப்படியே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்!

அன்று முதல், மனத்தில் எழும் வாக்கியத்தில் 'நாளாக', 'ஆண்டுகளாக' என்று வந்தால் 'ஹேவ் பீன்' போட்டு, கால அளவுக்கு முன் 'ஃபார்' சேர்க்கிறேன். 'ஜூன் 12 முதல்' என்று தொடக்கம் தெரிந்தால் 'சின்ஸ்'. "ஐ ஹேவ் பீன் டீச்சிங் சின்ஸ் 2016" என்று இப்போது தடுமாறாமல் வருகிறது.

அறிதல், விரும்புதல் போன்ற வினைகள் மட்டும் பொதுவாக 'இங்' ஏற்பதில்லை: "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்". அந்த இடத்தில் இன்றும் ஒரு கணம் நிதானித்தே பேசுகிறேன்.