ஆட்டக் கோட்பாடு நடத்தும்போது சறுக்கும் இடங்கள்

ஒருவருக்குக் கிடைப்பது மற்றவரின் முடிவையும் பொறுத்திருக்கும் சூழல்களை ஆராய்வது ஆட்டக் கோட்பாடு. அதன் முதல் வகுப்பிலேயே கைதிகளின் இக்கட்டை (தனித்தனியே விசாரிக்கப்படும் இரண்டு கைதிகள் கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பதா, வாய்மூடி இருப்பதா என்று முடிவெடுக்கும் ஆட்டம்) எடுத்துக்கொண்டு போய், அந்த ஒரு மணி நேரத்தையும் அதற்கே கொடுத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன். 1950-இல் மெரில் ஃபிளட்டும் மெல்வின் டிரெஷரும் சோதித்துப் பார்த்த ஓர் ஆட்டத்துக்கு ஆல்பர்ட் டக்கர் இந்தக் கைதிக் கதையைச் சூட்டினார். கதை சுவையானதுதான், ஆனால் வகுப்பில் அது ஆட்டத்தை விழுங்கிவிடும். "கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பது நியாயமா?", "வெளியே வந்தபின் அவன் பழிவாங்க மாட்டானா?" என்று விவாதம் எங்கோ போய்விடும். இந்தக் கேள்விகளை ஒதுக்கித் தள்ளவும் கூடாது. விசுவாசம், பயம், குற்ற உணர்ச்சி எல்லாமே அட்டவணையில் உள்ள பலன் எண்ணுக்குள் (ஒவ்வொரு முடிவும் ஆடுபவருக்கு எவ்வளவு நல்லது என்று காட்டும் எண்) அடங்கியிருக்க வேண்டும். விசுவாசத்தைக் கணக்கில் சேர்த்தால் எண்கள் மாறும், அப்புறம் அது வேறு ஆட்டம். இதை அன்றே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம்: சிறை ஆண்டுகளை 1, 5, 10 என்று அப்படியே அட்டவணையில் போடாதீர்கள். பெரிய எண்தான் நல்லது என்று பழகிய மாணவர் ஆசையோடு பத்தைத் தேர்ந்தெடுப்பார். முன்னால் கழித்தல் குறி போடுங்கள்.

இந்த ஆட்டத்திலேயே நின்றுவிட்டால், எல்லா ஆட்டத்திலும் ஆதிக்க உத்தி (எதிராளி எதைச் செய்தாலும் சிறந்ததாக இருக்கும் உத்தி) உண்டு, எல்லாச் சமநிலையும் (ஒருவர் மட்டும் தன் உத்தியை மாற்றி லாபம் காண முடியாத நிலை; நாஷ் சமநிலை என்பது இதுதான்) இரு தரப்புக்கும் கேடு என்ற எண்ணம் மாணவர் மனதில் உட்கார்ந்துவிடும். அதே மணி நேரத்தில் இன்னும் இரண்டு ஆட்டங்களைப் பலகையில் எழுதுவது நல்லது. ஒன்று, சாலையில் இடப்பக்கமா வலப்பக்கமா என்று இருவரும் ஒத்துப்போக வேண்டிய ஆட்டம். மற்றது, இருவரும் ஆளுக்கொரு காசில் ஒரு பக்கத்தைத் தேர்ந்து காட்டும் பூவா தலையா. தூய உத்திகளில் (ஒரே தேர்வில் உறுதியாக நிற்பது) மட்டும் பார்த்தால், கைதிகள் ஆட்டத்தில் ஒரு சமநிலை, சாலை ஆட்டத்தில் இரண்டு, பூவா தலையாவில் எதுவுமே இல்லை.

தேர்வுத்தாளில் "நாஷ் சமநிலை எது?" என்று கேட்டால் "(2, 2)" என்று எழுதுவார்கள். அது பலன். சமநிலை என்பது உத்திகளின் ஜோடி. வகுப்பில் நாமே அவசரத்தில் பலனைச் சுட்டிக்காட்டி "இதுதான் சமநிலை" என்று சொல்லியிருப்போம்.

வரிசையாக ஆடும் ஆட்டங்களில் இந்தக் குழப்பம் முற்றிவிடும். சந்தையில் நுழைவதா வேண்டாமா என்று ஒரு புது நிறுவனம் யோசிக்கிறது. நுழையாவிட்டால் அதற்கு 0, பழைய நிறுவனத்துக்கு 4. நுழைந்தபின் பழையது விட்டுக்கொடுத்தால் இருவருக்கும் 2. விலைப்போரில் இறங்கினால் புதியதற்கு -1, பழையதற்கு 0. "நுழையாமல் இருப்பது; நுழைந்தால் போர்" என்ற ஜோடியும் நாஷ் சமநிலைதான். மாணவர் இதைப் பார்க்கத் தவறுவார், ஏனென்றால் நடக்கவே போகாத போரை ஏன் எழுத வேண்டும் என்பது அவருக்குப் புரியாது. உத்தி என்பது எல்லாக் கட்டத்துக்குமான முழுத் திட்டம். ஆட்டம் எட்டாத கட்டத்துக்கும் சேர்த்து எழுத வேண்டும். இதை அட்டவணையாகவும் மரமாகவும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினால், அந்த மிரட்டல் ஏன் வெற்று மிரட்டல் என்பது கண்ணுக்குத் தெரியும். ரைன்ஹார்ட் செல்டன் 1965-இல் முன்வைத்த உள்ளாட்ட நிறைவு (ஆட்டத்தின் ஒவ்வொரு உட்பகுதியிலும் உத்திகள் சமநிலையாக இருக்க வேண்டும்) என்ற கருத்து அப்போதுதான் தேவையோடு வந்து சேரும். வரையறையை முதலில் சொல்லி உதாரணத்தைப் பின்னால் கொண்டுவந்தால் மனப்பாடம்தான் மிஞ்சும்.

கலப்பு உத்தியில், அதாவது தேர்வுகளை நிகழ்தகவோடு கலந்து ஆடுவதில், சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு நகர்வது எனக்கு அறவே பிடிக்காதது. கணக்கு எல்லோருக்கும் வரும், பொருள் யாருக்கும் வராது. பூவா தலையாவில் இரண்டு காசும் ஒத்துப்போனால் முதலாமவருக்கு 1, இரண்டாமவருக்கு -1, ஒத்துப்போகாவிட்டால் நேர்மாறு. இப்போது இருவரும் தலையைப் போட்டால் முதலாமவருக்கு 3 என்று மட்டும் மாற்றுங்கள். "இனி முதலாமவர் தலையை அதிகம் போடுவாரா?" என்று கேளுங்கள். வகுப்பே "ஆமாம்" என்னும். கணக்குப் போட்டால் முதலாமவர் அதே பாதிக்குப் பாதியில் நிற்பார். மாறுவது இரண்டாமவர்: அவர் தலை போடும் நிகழ்தகவு மூன்றில் ஒன்றாகக் குறையும். என் கலவையின் வேலை எதிராளிக்கு எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று ஆக்குவது. அதனால் அது அவருடைய பலன்களிலிருந்து வருகிறது. இதற்கு ஒரு முழு வகுப்பு செலவானாலும் பரவாயில்லை.

கடைசியாக, ஆடவிடாமல் நடத்துவது. 0 முதல் 100 வரை ஓர் எண்ணை எல்லோரும் எழுதட்டும். சராசரியின் மூன்றில் இரண்டு பங்குக்கு மிக அருகில் இருப்பவர் வெற்றி. சமநிலை 0. ரோஸ்மேரி நாகல் 1995-இல் வெளியிட்ட சோதனையில் முதல் சுற்றுச் சராசரி 37-க்குப் பக்கத்தில் இருந்தது. "சரியான விடை 0" என்று ஆசிரியர் அறிவிப்பதுதான் இங்கே தவறு, ஏனென்றால் அந்தச் சுற்றில் 0 எழுதியவர் தோற்றுப்போகிறார். மற்றவர்களும் அதே அளவு யோசிப்பார்கள் என்ற அனுமானம் உடைந்த இடம் அது. சரி, விளக்கத்தை ஆரம்பிக்கும் முன் காகிதத் துண்டுகளை இன்னொரு முறை கொடுத்து இரண்டாம் சுற்று ஆடவிடுங்கள். எண்கள் இறங்கும். ஏன் இறங்கின என்று அவர்களையே சொல்ல விடுங்கள்.