பத்திரம் ஒரு வாரம் பீரோவிலேயே இருக்கட்டும்

சேர்க்கைக் கடிதம் வந்த மறுநாளே வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். குவான்ட் முதுகலை, அதாவது கணிதத்தையும் நிரலாக்கத்தையும் நிதிச் சந்தைக்குப் பயன்படுத்தும் படிப்பு, படிக்க அமெரிக்கா வர விரும்பி என்னை அழைக்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, பத்திரம் இன்னும் ஒரு வாரம் பீரோவிலேயே இருக்கட்டும் என்பதுதான். அந்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் அந்தப் படிப்பின் வேலைவாய்ப்பு அறிக்கையைத் தேடி எடுங்கள். மேலே பெரிய எழுத்தில் 90 சதவீதம் என்று போட்டிருக்கலாம். பள்ளியில் பின்னம் நடத்தும்போது தொகுதி, பகுதி என்றார்களே, இங்கே கோட்டுக்குக் கீழே வரும் பகுதிதான் முக்கியம். வகுப்பில் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் அனுப்பாதவர்கள், வேலை தேடவில்லை என்று குறிக்கப்பட்டவர்கள் என 20 பேரைக் கழித்துவிட்டால் பகுதி 80. அதில் 72 பேருக்கு வேலை கிடைத்திருந்தால் 90 சதவீதம் சரிதான். ஆனால் விமானம் ஏறி வந்தவர்கள் 100 பேர். நான் படித்த இடத்தில் இந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்படிக் கழிக்கப்பட்டவர்களில் என் அறைத்தோழியும் ஒருத்தி. ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கடன் கட்டினாள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதே அறிக்கையில், கணக்கெடுத்தது பட்டம் பெற்ற நாளிலா, ஆறு மாதம் கழித்தா என்று பாருங்கள். நிறுவனங்களின் பெயருக்குப் பக்கத்தில் பதவியும் இருக்கிறதா? பெரிய வங்கியின் பெயர் மட்டும் போதாது. பணக்காரர்கள், நிறுவனங்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் ஹெட்ஜ் ஃபண்டில் வர்த்தக உத்திகளை ஆராய்வது வேறு, வங்கியில் டெரிவேட்டிவ்களுக்கு (பங்கு, வட்டி போன்ற வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்களுக்கு) விலை கணிப்பது வேறு, வங்கி பயன்படுத்தும் கணித மாடல்கள் சரியா என்று நான் பார்க்கும் மாடல் சரிபார்ப்பு வேறு. 2008 நிதி நெருக்கடிக்குப் பின், 2011இல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒருவர் கட்டிய மாடலை, அதில் தொடர்பில்லாத இன்னொருவர் சோதிக்க வேண்டும் என்றது அது. எனக்குச் சோறு போடுவது அந்த வேலைதான். எனக்கு மிகவும் பிடித்த வேலையும்கூட. ஆனால் வர்த்தகப் பிரிவில் உட்காரும் ஆசையோடு வருபவர், முந்தைய மாணவர்கள் எங்கே போய் அமர்ந்தார்கள் என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

பாடத்திட்டத்துக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றே ஒன்று. வட்டி விகிதப் பாடத்தில், கடன்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் அடிப்படையாக வைக்கும் விகிதமாகப் புதிய சோஃபர் (SOFR) வந்துவிட்டதா, இன்னும் பழைய லைபார்தானா (LIBOR)? டாலர் லைபார் 2023 ஜூனுடன் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகும் மாறாத பாடத்தை, சந்தையில் வேலை பார்க்கும் ஒருவர் நடத்துகிறார் என்று நான் நம்பமாட்டேன்.

ஆகஸ்டில் தொடங்கும் படிப்பு என்றால், அடுத்த கோடைக்கால இன்டர்ன்ஷிப் நேர்காணல்கள் சில வாரங்களிலேயே ஆரம்பித்துவிடும். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், சி பிளஸ் பிளஸ் நிரல்மொழி மூன்றையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 16 மாதப் படிப்பு, இன்டர்ன்ஷிப்புக்கு நடுவில் ஒரு கோடை கிடைக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகப் படிப்பு மார்ச்சில் தொடங்கி ஓராண்டில் முடிகிறது. பணம்தான் கவலை என்றால் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் பரூக் கல்லூரியை விட்டுவிடாதீர்கள். அரசுக் கல்லூரி, சிறிய வகுப்பு, தனியார் பல்கலைக்கழகங்களை விடக் கட்டணம் மிகக் குறைவு. இடம் கிடைப்பதுதான் கடினம்.

இன்னொன்று, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பதியப்படும் பாடக் குறியீட்டெண். நிதிக் கணிதத்துக்கான 27.0305, அமெரிக்க அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறது. பொது நிதியியலுக்கான 52.0801 இல்லை. முதலாவதில், படிப்பு முடிந்தபின் கிடைக்கும் 12 மாதப் பணி அனுமதிக்கு மேல் 24 மாத நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவதில் 12 மாதத்தோடு சரி. பட்டத்தின் பெயரை வைத்து எந்த எண் என்று ஊகிக்காதீர்கள். சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகு பீரோவைத் திறக்கலாம்.