மருத்துவக் கவனக்குறைவு வழக்கு: தொடக்கத்திலேயே நடக்கும் தவறுகள்

முதல் தவறு காலக்கெடுவில் நடக்கிறது. மலேசியாவில் அரசாங்க மருத்துவமனைமேல் வழக்குப் போட 36 மாதங்கள்தான் அவகாசம். 1948 பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் அப்படி. தனியார் மருத்துவமனைக்கு, தீபகற்ப மலேசியாவில், 1953 காலவரையறைச் சட்டப்படி 6 ஆண்டுகள். "ஆறு வருஷம் இருக்கு" என்று யாரோ சொன்னதை நம்பி, அரசாங்க மருத்துவமனை விவகாரத்தை நான்காம் ஆண்டில் வக்கீலிடம் கொண்டுபோனால் அநேகமாகக் கதவு மூடியிருக்கும். பல்கலைக்கழக மருத்துவமனைக்கும் 36 மாதம் என்றே கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

புகார்க் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கும்போதும் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். விசாரணை நடக்கிறது என்று வரும் பதில் அதை நிறுத்தாது. பிரசவத்தில் பாதிக்கப்பட்ட குழந்தை என்றால் இன்னும் கவனம் வேண்டும்: 18 வயதுவரை கெடு தொடங்காது என்ற சலுகையை அரசாங்க மருத்துவமனை விஷயத்தில் நம்பக் கூடாது. நோயாளி இறந்துவிட்டால், அவரை நம்பியிருந்தவர்கள் 1956 குடிமைச் சட்டத்தின்கீழ் கேட்கும் இழப்பீட்டுக்கு, தனியாராக இருந்தாலும், இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான்.

மரணத்தில் சந்தேகம் இருந்தால் தகனத்துக்கு முன்பே பேசுங்கள். நம் குடும்பங்களில் மறுநாளே காரியம் முடிந்துவிடுகிறது. பிறகு காரணத்தை நிரூபிக்க உடல் இல்லை. போலீஸ் புகார் செய்து சவப் பரிசோதனை கேட்பது அந்த நேரத்தில் மனத்துக்குக் கொடுமைதான். ஆனாலும் கேளுங்கள்.

அடுத்தது ஆவணம். ஒரு பக்க மருத்துவ அறிக்கை போதாது. அது மருத்துவமனையே எழுதிய சுருக்கம். தாதியர் குறிப்புகள், மருந்து கொடுத்த நேரப் பட்டியல், மயக்க மருந்துப் பதிவு, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் படங்கள், சம்மதப் பாரம், பிரசவமானால் குழந்தையின் இதயத்துடிப்பு வரைபடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுத்தில் கேளுங்கள். எந்த நேரத்தில் யார் வந்து பார்த்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். தர மறுத்தால், வழக்குக்கு முன்பே நீதிமன்றத்தை நாட 2012 நீதிமன்ற விதிகளில் (ஆணை 24, விதி 7ஏ) வழி உண்டு.

மலேசிய மருத்துவ மன்றத்தில் புகார் செய்தால் மருத்துவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை வரலாம், இழப்பீடு வராது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போகவேண்டாம், மருத்துவச் சேவை அதன் அதிகாரத்தில் இல்லை.

சிகிச்சை பலிக்கவில்லை என்பதே கவனக்குறைவு ஆகிவிடாது. அதே துறை நிபுணர் ஒருவர், செய்தது ஏற்கத்தக்க முறை அல்ல, அதனால்தான் பாதிப்பு வந்தது என்று இரண்டையும் எழுதித் தரவேண்டும். இரண்டாவதில்தான் பல வழக்குகள் சரிகின்றன. ஆபத்தை முன்கூட்டியே சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு அளவுகோல் வேறு: நோயாளி அறிய விரும்பும் முக்கிய ஆபத்தை மருத்துவர் சொன்னாரா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆகவே சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒதுங்கவேண்டாம்.

"அவர் எங்கள் ஊழியர் இல்லை" என்று தனியார் மருத்துவமனை சொன்னால் மருத்துவரோடு நிறுத்திவிடாதீர்கள். மருத்துவமனைக்கும் நேரடிப் பொறுப்பு உண்டு என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பில்லைத் தள்ளுபடி செய்து ஒரு தாளை நீட்டினால், வக்கீல் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கும் வாசகம் அதில் இருக்கலாம்.

வென்றால் மட்டும் பங்கு தந்தால் போதும் என்று ஆள் பிடிப்பவர்களிடமும் சிக்காதீர்கள். 1976 வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112-ஆம் பிரிவு வக்கீலுக்கு அந்த ஏற்பாட்டைத் தடைசெய்கிறது. கட்டணத்தையும் நிபுணர் செலவையும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். சம்பவத் தேதியை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.