பழைய பிக்கப்பும் மூன்றாவது சென்சாரும்

என் பெட்ரோல் பிக்கப்புக்கு இருபது வயதுக்கு மேல். ஒருநாள் இன்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனர் காட்டியது பி0135. புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருந்து, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். ஃபியூஸ் நன்றாக இருந்தது. சென்சாரின் ஹீட்டர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் இணைப்பே இல்லை. சரி, சென்சார்தான் போயிருக்கிறது.

மலிவாகக் கிடைத்த, பல வண்டிகளுக்கும் பொதுவான யுனிவர்சல் சென்சாரை வாங்கி, வயரை வெட்டி சாலிடர் போட்டேன். அங்கேதான் தவறினேன். சிர்கோனியா என்ற பீங்கானால் வேலை செய்யும் பல சென்சார்கள், புகையோடு ஒப்பிடத் தேவைப்படும் வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு நடுவேதான் இழுக்கின்றன. அந்த வழியை நானே அடைத்துவிட்டேன். ரீடிங் தாறுமாறாக வந்தது.

அப்புறம் பழைய சென்சாரைத் துடைத்து, உடம்பில் பொறித்திருந்த எண்ணைப் படித்தேன். முதலில் அதைத் தயாரித்தவர்களே, நேரடியாகப் பொருந்தும் கனெக்டரோடு தங்கள் பெயரிலும் அதை விற்கிறார்கள். வண்டிக் கம்பெனி பெட்டியில் வருவதைவிட விலை குறைவு. வயர் நீளம், கனெக்டர் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் வாங்கினேன்.

துருப்பிடித்த மரையில் எண்ணெய் தெளித்து ஊறவிட்டு, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, பக்கவாட்டில் பிளவுள்ள 22 மி.மீ. சாக்கெட்டால் யுனிவர்சல் சென்சாரைக் கழற்றி, புதியதை மாட்டினேன். கை சுட்டது தனிக்கதை. இப்போது வோல்ட்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே துள்ளுகிறது. லைட் எரியவில்லை.