ஒன்றே முக்கால் சுற்று

ஒரே மாதத்தில் என் வண்டியின் கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகத்தை, மூன்று முறை கழற்றி மாட்டினேன். நிற்கும்போது ஐடிலிங் தானாக ஏறும், இறங்கும், பொட்டென்று அணைந்துபோகும். கழற்றிய மூன்று முறையும், பெட்ரோலை அளந்துவிடும் துளைகளான ஜெட்டுகள் பளிச்சென்றுதான் இருந்தன. நான்காம் முறை கிளாம்பைத் தளர்த்தும்போது, இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருக்கும் மேனிஃபோல்டு ரப்பரைக் கொஞ்சம் வளைத்துப் பார்த்தேன். கண்ணில் படாத அடிப்பக்கத்தில் நக நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அத்தனை நாளும் குற்றமே செய்யாத ஆளைப் பிடித்து உதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து கார்புரேட்டர் என்னிடம் கடைசி வரிசையில்தான். முதலில் ஏர் ஃபில்டர், பிளக், வால்வு கிளியரன்ஸ் (இன்ஜின் வால்வுக்கு விட்டிருக்கும் இடைவெளி), ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்யப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக் முழுதாகத் திரும்புகிறதா என்பது. கொஞ்ச தூரம் நன்றாக ஓடிவிட்டு அடங்கிப்போகும் வண்டி என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே போய், வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மேனிஃபோல்டைச் சோதிக்க வண்டியை ஐடிலிங்கில் விட்டு, ரப்பரைச் சுற்றித் தண்ணீரை மெல்லிய சாரலாக அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இதெல்லாம் சரி என்றால் அடுத்த கேள்வி: வண்டி எப்போது திணறுகிறது? ‘பிக்கப் இல்லை’ என்பது போதாது. ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். ஐடிலிங்கிலிருந்து கால் திருப்பு வரை தகராறு என்றால் ஸ்லோ ஜெட்டும் அதன் மிக்சர் ஸ்க்ரூவும். காலுக்கும் முக்காலுக்கும் நடுவில் என்றால் ஊசி, அதாவது மேலும் கீழும் போய்ப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மெல்லிய கம்பி. முழுத் திருப்பில் மட்டும் என்றால் மெயின் ஜெட், அல்லது கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்துக்குப் பெட்ரோல் போதுமான வேகத்தில் வராதது. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும், ஆனாலும் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரிந்துவிடும். வெற்றிடத்தால் பிஸ்டன் தூக்கும் வகை கார்புரேட்டரில் இன்னொன்று உண்டு: மேலே இருக்கும் டயாஃப்ரம் கிழிந்தால், எவ்வளவு முறுக்கினாலும் வண்டி ஓர் அளவுக்கு மேல் போகாது.

அடுத்தது பெட்ரோல் அதிகமா, குறைவா. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். திணறும் நேரத்தில் சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். வண்டி தேறினால் பெட்ரோல் போதவில்லை, மோசமானால் ஏற்கெனவே அதிகம். பிளக் கரிபிடித்துக் கறுத்திருந்தால் அதிகம், வெள்ளை வெளேரென்று இருந்தால் குறைவு, வெளிர் பழுப்பு என்றால் கை வைக்காதீர்கள். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்கத் தாமதித்தால் அதுவும் குறைவின் அடையாளம்தான், கேபிள் சிக்காமல் இருந்தால்.

இனிமேல்தான் கழற்றும் வேலை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் ஒரு காரியம்: அதை மெதுவாக உள்ளே திருகி, தட்டுப்படும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். தட்டியதும் நிறுத்திவிடுங்கள், இறுக்கினால் முனை நசுங்கும். என் வண்டியில் ஒன்றே முக்கால் வந்தது. முதல் தடவை எண்ணாமல் கழற்றிவிட்டு ஒரு நாள் முழுக்க அலைந்தேன். இப்போது அந்த எண்ணை ஓர் அட்டையில் எழுதி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பல வண்டிகளில் ஸ்க்ரூவுடன் ஒரு ஸ்பிரிங், பொட்டளவு வாஷர், குட்டி ஓ-ரிங் மூன்றும் வர வேண்டும். ஓ-ரிங் பெரும்பாலும் துளைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அது இல்லாமல் மாட்டினால் டியூனிங் நிற்கவே நிற்காது.

ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு கண்ணை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமான ஒரு புள்ளி தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் ஓரத்தில் பிசின் ஒட்டியிருக்கிறது. கிளீனர் அடித்து ஊறவிட்டுக் காற்றால் ஊதுங்கள். போகாவிட்டால் மெல்லிய தூண்டில் நரம்பு. இரும்புக் கம்பி கூடாது. பித்தளை மென்மையானது, துளை அகன்றால் ஜெட்டே மாறிவிட்ட கணக்கு. கிளீனர் படுவதற்கு முன் ரப்பர் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகிறதா? கழற்றுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவர் பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டு தட்டுங்கள். கிண்ணத்துக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் ஊசி வால்வில் தூசி சிக்கியிருந்தால் அதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் அந்த வால்வு ஊசியின் முனையில் வளையம்போலத் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே தளும்பினால் அதற்கு ஓட்டை விழுந்திருக்கிறது.

டியூனிங்குக்குப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேறிய வண்டி வேண்டும். ஐடில் ஸ்க்ரூவால் ரேஸைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுங்கள். சத்தம் எங்கே அதிகமாக, சீராக எழும்புகிறதோ அங்கே நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் கீழே இறக்குங்கள். பல சிறிய வண்டிகளுக்கு இன்ஜின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே இறுதி. ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால் பெரும்பாலும் ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருகினால்தான் கூடும். நல்ல இடம் ஒரு சுற்றுக்கும் கீழேயோ மூன்றுக்கும் மேலேயோ போனால் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டாமல் ஸ்லோ ஜெட்டைத் திரும்பவும் பாருங்கள்.

நடுத் திருப்பில் பெட்ரோல் போதவில்லை என்றால் ஊசியின் மேல்முனைப் பள்ளத்தில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். ஊசி மேலே எழும்பும், பெட்ரோல் கூடும். ஒரு நேரத்தில் ஒரு பள்ளம்தான். ஃபில்டரும் சைலன்சரும் கம்பெனி கொடுத்தபடியே இருந்தால் மெயின் ஜெட் அளவை மாற்ற அநேகமாக வேலையே இல்லை.

ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தின் அடியில் மிச்சம் நிற்பதை வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி எடுத்துவிடுங்கள்.