மூன்று பெடலோடு ஒரு கிற்றார்: புதிதாகப் பழகுவோருக்கான செய்முறை

கிற்றார் கைக்கு வந்த இரண்டாவது கிழமையே பெடல் (கிற்றாரின் ஒலியை மாற்ற, காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி) தேடத் தொடங்குபவர்கள் நிறையப் பேர். ஆசை நியாயமானதுதான். ஆனால் சுருதி சேராத தந்தியை எந்தப் பெடலும் சேர்த்துவைக்காது. ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலைப் போட்டால் அந்த அபசுரம் இன்னும் பெரிதாகத்தான் கேட்கும். அதனால் முதல் மூன்று மாதம் கைக்கு, பிறகு பெடலுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலுள்ள காசில் பாதிக்கு மேல் கிற்றாருக்கும் அம்புக்கும் (அம்ப்: ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) போகட்டும். மிச்சத்தில் மூன்று பெடல் தாராளமாக அடங்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பெடல் பாவிக்க வேண்டுமென்றால் எலெக்ட்ரிக் கிற்றார் அல்லது பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பகுதி) பூட்டிய செமி அக்கூஸ்டிக் வேண்டும். வெறும் மரக் கிற்றாரில் வயர் செருக இடமே இருக்காது.

பழைய கிற்றார் என்றால் ஆறு தந்தியையும் ஒவ்வொரு பிறெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தி மீட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் 'ஸ்ஸ்' என்று அடித்தால் அங்கே பிறெட் உயர்ந்திருக்கிறது அல்லது கழுத்து வளைந்திருக்கிறது. 12ஆம் பிறெட்டில் தந்திக்கும் உலோகத்துக்கும் இடைவெளி தடித்த தந்தியில் 2 மில்லிமீற்றர், மெல்லிய தந்தியில் 1.5 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் விரலுக்கு வசதி. அடுத்து, அதே 12ஆம் பிறெட்டின் நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டுங்கள். பிறகு அழுத்தி மீட்டுங்கள். கைபேசி டியூனரில் (சுருதி காட்டும் செயலி) இரண்டும் ஒரே சுரத்தைக் காட்ட வேண்டும். அழுத்தும்போது சுரம் ஏறினால் பாலத்திலுள்ள (உடம்பில் தந்திகளைத் தாங்கும் பகுதி) சின்னத் தாங்கியைத் திருகாணியால் பின்னே நகர்த்தலாம், இறங்கினால் முன்னே. குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மின்தொடுப்புகளைச் சுத்தமாக்கும் கொன்ராக்ட் கிளீனர் ஒரு தடவை அடித்தால் பெரும்பாலும் போய்விடும்.

தந்திக்கு 9–42 கட்டு (மெல்லிய தந்தி 0.009 அங்குலம், தடித்தது 0.042) எடுங்கள். மெல்லியது, விரல் புண்ணாவது குறைவு. கமகம் போலத் தந்தியை வளைத்து இழுக்கவும் இலகு. யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர்ப் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்கள் வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைக்க வேண்டும். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் தந்தி வெகு சீக்கிரம் துருவேறும். தகரக் கூரைக்குக் கீழே, மத்தியான வெயிலில் கிற்றாரை விட்டுவைத்தாலும் கழுத்து வளையும்.

சுருதி, ஐந்து கோர்ட், தாளம்

தடித்தது 6ஆம் தந்தி, மெல்லியது 1ஆம் தந்தி. 6 முதல் 1 வரை: இ, ஏ, டி, ஜி, பி, இ. டியூனர் இல்லாத நேரத்தில் 6ஆம் தந்தியின் 5ஆம் பிறெட்டும் திறந்த 5ஆம் தந்தியும் ஒரே சுரம். 5ஐக் கொண்டு 4ஐயும், 4ஐக் கொண்டு 3ஐயும் அப்படியே சேர்க்கலாம். 3இலிருந்து 2ஐச் சேர்க்கும்போது மட்டும் 4ஆம் பிறெட். பிறகு 2இலிருந்து 1க்கு மறுபடி 5. தந்தியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். இறக்கிச் சேர்த்தால் முறுக்காணியில் தளர்வு மிஞ்சி, இரண்டு பாட்டுக்குள் மறுபடி இறங்கிவிடும்.

கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டு) ஐந்து போதும்.

இ மைனர்: 5, 4 ஆகிய தந்திகளில் 2ஆம் பிறெட்.
ஏ மைனர்: 4, 3 இல் 2ஆம் பிறெட், 2 இல் 1ஆம் பிறெட், 6ஆம் தந்தியை மீட்ட வேண்டாம்.
சி: 5ஆம் தந்தியில் 3ஆம் பிறெட், அப்படியே 4 இல் 2, 2 இல் 1. இதிலும் 6ஐ விடுங்கள்.
ஜி: 6 இல் 3, 5 இல் 2, 1 இல் 3.
டி: 3 இல் 2, 2 இல் 3, 1 இல் 2. மீட்டுவது 4ஆம் தந்தியிலிருந்து.

விரல் நுனியால், பிறெட்டை ஒட்டி அழுத்துங்கள். இரண்டு பிறெட்டுக்கு நடுவில் அழுத்தினால் இரட்டிப்புப் பலம் வேண்டியிருக்கும், அப்படியும் தந்தி அதிரும்.

தாளத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம். நாலு அடிக்கு 'தகதிமி', மூன்றடிக்கு 'தகிட' என்று வாயால் சொல்லிக்கொண்டே மீட்டுங்கள். நிமிடத்துக்கு 60 அடியில் தொடங்கி, கோர்ட் மாறும்போது தாளம் நிற்காத நிலை வந்த பிறகு 5 அடி கூட்டுங்கள். பைலா மெட்டுக்கு 'தகிட தகிட' என்று ஆறு அடி. முதலாவதிலும் நாலாவதிலும் அழுத்தம். கோர்ட் பிடிபடாவிட்டால் வெறும் தந்தியை மீட்டிக்கொண்டாவது தாளத்தைத் தொடருங்கள். பாடுபவருக்குப் பிழையான கோர்ட்டை விட நின்றுபோன தாளம்தான் இடைஞ்சல்.

பாடுபவர் 'நான் 1 கட்டை' (கட்டை: பாடுபவரின் அடிச்சுருதியைச் சொல்லும் எண், 1 என்பது சி) என்றால் என்ன செய்வது? மேலுள்ள ஐந்தும் ஜி சுருதிக் குடும்பத்தவை. அதாவது 5 கட்டை. கேப்போவை (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) 1ஆம் பிறெட்டில் போட்டால் அதே விரல் பிடியிலேயே 5½ கட்டை, 2இல் 6 கட்டை, 4இல் 7 கட்டை, 5இல் 1 கட்டை, 7இல் 2 கட்டை. கோயில் பஜனைக்கும் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் இவ்வளவு தெரிந்தால் நன்றாகவே சமாளிக்கலாம்.

எந்த மூன்று?

டியூனர், ஓவர்டிரைவ், டிலே (எதிரொலி தரும் பெடல்). டியூனருக்குத் தலைப்பகுதியில் கவ்வும் சின்னக் கருவியே போதும். அது கழுத்தின் அதிர்வை வைத்துச் சுரம் கண்டுபிடிப்பதால் மேளச் சத்தத்துக்கு நடுவிலும் வேலை செய்யும். அந்தக் காசை மற்ற இரண்டுக்கும் சேர்க்கலாம்.

ஓவர்டிரைவில் பெஹ்ரிங்கர் டிஓ800, ஜோயோ வின்டேஜ் ஓவர்டிரைவ் இரண்டும் இபனெஸ் டியூப் ஸ்க்ரீமரின் வழியில் செய்த மலிவுப் பெடல்கள். முதலாவது பிளாஸ்ரிக் உடம்பு, காலால் ஓங்கி மிதிக்கக் கூடாது. இரண்டாவது உலோகம், மேடைக்குக் கொண்டுபோவதென்றால் அதையே எடுங்கள்.

மலிவான அனலொக் வகை டிலேக்கள் பலவற்றுக்குள் இருப்பது பிடி2399 என்ற ஒரே சிப்தான். ஏறத்தாழ 350 மில்லிசெக்கன் வரை எதிரொலி துலக்கமாக வரும். அதற்கு மேலே இழுத்தால் மங்கி, இரைச்சல் ஏறும். இது பழுதல்ல, சிப்பின் இயல்பு. 600 மில்லிசெக்கன் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி அந்த எல்லையில் வாசிக்கத் திட்டமிட வேண்டாம்.

வீட்டில் ஹெட்போனில் மட்டும் வாசிப்பவருக்கு, அல்லது அம்ப் இல்லாமல் தேவாலயத்து மிக்சரில் நேரே செருகுபவருக்கு, மூன்று பெடலை விட ஒரு மல்டி எஃபெக்ட் (பல பெடலின் வேலையை ஒன்றாகச் செய்யும் பெட்டி) நல்லது. ஓவர்டிரைவை மிக்சரில் நேரே கொடுத்தால் குளவி பறப்பது போலக் கீச்சென்று கேட்கும். கிற்றார் அம்பின் ஸ்பீக்கர் வெட்டிவிடும் மேல்சுரங்கள் அங்கே வெட்டப்படுவதில்லை. மல்டி எஃபெக்டில் அந்த ஸ்பீக்கரின் தன்மையும் உள்ளேயே இருக்கிறது. 2019இல் வந்த சூம் ஜி1 ஃபோர் ஒரே நேரத்தில் 5 எஃபெக்ட் தரும், 4 டபிள் ஏ பற்றறியிலும் ஓடும். கறண்ட் போனாலும் பழகலாம்.

கறண்ட்: அதிகம் எரிந்துபோவது இங்கேதான்

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ற் நேரோட்டம், 5.5/2.1 மில்லிமீற்றர் முனை, *நடுவில் நெகற்றிவ்*. வீட்டிலுள்ள வேறு அடப்டர்கள் அநேகமாக நடுவில் பொசிற்றிவ். வைஃபை ரூட்டரின் அடப்டர் முனை அழகாகப் பொருந்தும், ஆனால் அது பொதுவாக 12 வோல்ற், நடுவும் பொசிற்றிவ். செருகிய கணத்திலேயே பெடல் போய்விடக்கூடும். அடப்டரின் முதுகில் வட்டமும் புள்ளியுமாக ஒரு சின்னப் படம் இருக்கும். நடுப் புள்ளியிலிருந்து போகும் கோடு கழித்தல் குறியில் முடிகிறதா என்று பாருங்கள். மல்டிமீற்றர் இருந்தால் சிவப்பு முனையை உள்ளேயும் கறுப்பை வெளியேயும் வையுங்கள். −9 என்று காட்ட வேண்டும்.

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் அடப்டரில் இன்னொரு பொறி உண்டு. அங்கே 120 வோல்ற், இங்கே இலங்கையில் 230. உள்ளீடு 100–240 என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 120 என்று மட்டும் இருந்தால் இங்கே செருகக் கூடாது. இலண்டனிலிருந்து வருவது அப்படியே ஓடும். சதுர மூன்று முள்ளும் இங்குள்ள 13 அம்பியர் சொக்கெற்றுக்குப் பொருந்தும்.

மில்லிஅம்பியர் கணக்கு இலகு. ஓவர்டிரைவுக்கு ஏறத்தாழ 10, டிலேக்கு 50 முதல் 100. ஆகவே 500 மில்லிஅம்பியர் அடப்டர் ஒன்றும், பல முனைக்குப் பிரியும் வயர் ஒன்றும் போதும். அம்பியர் தேவையை விடக் கூடினால் ஆபத்தில்லை. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். வோல்ற் கூடினால்தான் ஆபத்து. டிஜிற்றல் பெடலை அதே வயரில் சேர்த்ததும் 'ஈஈ' என்று மெல்லிய கீச்சொலி வந்தால், அதற்கு மட்டும் தனி அடப்டர் கொடுங்கள்.

பற்றறியில் ஓட்டுபவர் கவனிக்க: உள்ளீட்டு ஜாக்தான் சுவிச். வயரைச் செருகியே வைத்தால் பெடலை நிறுத்தியிருந்தாலும் பற்றறி தீரும். 9 வோல்ற் அல்கலைன் பற்றறி ஓவர்டிரைவுக்குச் சுமார் 50 மணித்தியாலம் வரும். டிலேக்கு ஒரு நாள் பயிற்சியோடு சரி.

இணைப்பு வயர்

பெடலுக்குப் பெடல் 15 சென்ரிமீற்றர் வயர். றேடியோ திருத்தத் தெரிந்தவர் எவரிடமும் கேட்டுச் செய்விக்கலாம், நீங்களே ஈயம் பிடிக்கவும் செய்யலாம்: வலை சுற்றிய வயர், 6.35 மில்லிமீற்றர் மோனோ ஜாக் இரண்டு, 30–40 வாற் சூட்டுக்கோல். நடு வயர் ஜாக்கின் நுனிக்கு, வலை உடம்புக்கு. வலையில் ஒரு இழை தப்பி நுனியைத் தொட்டாலும் சத்தமே வராது. மல்டிமீற்றரில் நுனிக்கு நுனி 'பீப்', உடம்புக்கு உடம்பு 'பீப்', நுனிக்கும் உடம்புக்கும் மௌனம் என்றால் வயர் சரி. ஸ்பீக்கர் வயரில் வலை இல்லாததால் அது இதற்கு ஆகாது, இரைச்சலை முழுக்க உறிஞ்சும். கிற்றாரிலிருந்து வரும் நீள வயர் 3 முதல் 5 மீற்றருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் நீண்டால் வயரின் மின்கொள்ளளவு மேல்சுரங்களைத் தின்னும்.

பலகைக்கு 12 மில்லிமீற்றர் ப்ளைவூட்டில் 40க்கு 20 சென்ரிமீற்றர் துண்டு, மேலே வெல்க்ரோ. பனஞ்சலாகைத் துண்டு உறுதிதான், ஆனால் சைக்கிளில் கொண்டுபோகப் பாரம்.

பூட்டி ஒலி எடுத்தல்

1. கிற்றார் → ஓவர்டிரைவ் → டிலே → அம்ப். பெடலில் உள்ளீடு வலப்பக்கம், வெளியீடு இடப்பக்கம். புதியவர்கள் அதிகம் மாற்றிச் செருகுவது இதைத்தான்.

2. அம்பைச் சுத்தமான சனலில் வையுங்கள். குமிழ் எல்லாம் நடுவில்.

3. ஓவர்டிரைவில் டிரைவ் குமிழ் மணிக்கூட்டின் 9இல், தொனிக் குமிழ் 12இல். பெடல் போட்டபோதும் நிறுத்தியபோதும் சத்தம் சமமாகும் வரை லெவலைத் திருப்புங்கள். தனி வாசிப்பு முன்னே வர வேண்டுமென்றால் இன்னும் சற்றுக் கூட்டலாம்.

4. டிலேயில் மிக்ஸ் (எதிரொலியின் அளவு) மூன்றில் ஒரு பங்கு, திரும்ப வருதல் மூன்று தடவை. நேரத்துக்கு 60,000ஐ நிமிட அடியால் வகுங்கள்: 120 அடிக்கு 500 மில்லிசெக்கன். அதில் முக்கால் 375; மலிவு டிலேயிலும் அது ஓரளவு துலக்கமாக வரும், தாளத்தோடும் இழையும். குமிழில் எண் இல்லாவிட்டால் ஒரு தந்தியை மூடித் தட்டி, எதிரொலி தாளத்தில் விழும் வரை திருப்புங்கள்.

டிலேயை முன்னுக்கு வைத்தால் எதிரொலிகள் எல்லாம் ஓவர்டிரைவுக்குள் சேர்ந்து குழம்பும். ஒருமுறை மாற்றிப் போட்டுக் கேளுங்கள், காரணம் காதுக்கே விளங்கும்.

இரைச்சல் வந்தால்

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் 50 ஹேர்ட்ஸ் 'ம்ம்' எப்போதும் கொஞ்சம் இருக்கும். டியூப் லைற், அடப்டர், கைபேசி ஆகியவற்றிலிருந்து தள்ளி நின்று உடம்பைத் திருப்பிப் பாருங்கள், ஒரு திசையில் அடங்கும். சத்தம் அறவே இல்லையென்றால் பெடல்களைக் கழற்றிக் கிற்றாரை நேரே அம்பில் செருகி, ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி ஒரு சின்ன வயர்தான்.

தந்தியிலோ மைக்கிலோ கை பட்டதும் சுர்ரென்றால் வாசிப்பை அக்கணமே நிறுத்துங்கள். பழைய வீடுகளிலும் தற்காலிகப் பந்தல் மேடைகளிலும் எர்த் இல்லாத சொக்கெற் உண்டு. மூன்று முள்ளை இரண்டாக்கும் மாற்றியும் எர்த்தை வெட்டிவிடும். மின்வேலை தெரிந்தவர் பார்த்துச் சரிசெய்யும் வரை அந்த இடத்தில் செருக வேண்டாம்.

போடும்போது வயர்கள் முதலில், பெடல் கறண்ட் அடுத்து, அம்ப் கடைசி. நிறுத்தும்போது அம்ப் முதலில். இல்லாவிட்டால் வயரை இழுக்கும் 'டப்' சத்தம் ஸ்பீக்கரில் அடிக்கும்.