கன்று போட்ட பசுவும் முற்றிய புல்லும்

கொழும்பு மட்டக்குளியில் களனி கங்கைக் கரையோரம் கினிப்புல்லுக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் எங்கள் ஜேர்சிக் கலப்புப் பசு, கன்று போட்டுச் சில கிழமைகளில் புண்ணாக்கை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. பால் குறைந்தது. மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசம். மிருக வைத்தியர் சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டை ஊதாவானது: கீட்டோசிஸ், அதாவது சக்தி போதாமல் உடலில் கீட்டோன் சேரும் நோய்.

பால் சுரக்கக் குளுக்கோஸ் வேண்டும். மாடு அதைத் தீனியிலிருந்து நேரே பெறுவது சொற்பம். அசையூண் வயிற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் புரோப்பியோனிக் அமிலத்திலிருந்தே பெரும்பங்கை ஈரல் செய்கிறது. பூத்து முற்றிய புல்லில், தண்டை விறைப்பாக்கும் லிக்னின் என்ற பொருள் அதிகம், செரிக்க நேரமெடுக்கும். வயிறு நிறைந்தே கிடக்கும், சக்தி வராது. பிறகு உடல் தன் கொழுப்பையே கரைக்கும். ஈரலால் முழுதாக எரிக்க முடியாதது கீட்டோனாகும்; மூச்சில் அடித்த வாசம் அதனுடையதுதான்.

வைத்தியர் நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றினார், ஈரல் குளுக்கோஸாக மாற்றக்கூடிய புரோப்பிலீன் கிளைக்கோல் திரவத்தைப் பருக்கச் சொன்னார். ஆனால் மருந்து மட்டும் காணாது என்பது என் உறுதியான எண்ணம். புல் வெட்டும் பொடியனிடம், "பூ வாறதுக்கு முன்னம் வெட்டு தம்பி, பாரம் குறைஞ்சாலும் அதே காசுதான்" என்றேன். வாடவைத்த சீமைக்கிளுவை (கிளிரிசிடியா) இலையும் கலந்தேன். புண்ணாக்கைத் திடீரெனக் கூட்டவில்லை.

மெல்ல மெல்லத் தீனியில் வாய் வைத்தது, அசைபோடத் தொடங்கியது, பாலும் ஏறியது. இப்போது ஒவ்வொரு புல்லுக்கட்டிலும் தண்டை நகத்தால் கிள்ளிப் பார்க்கிறேன். நகம் இறங்காத கட்டு பால் வற்றிய மாட்டுக்குப் போகும்.